ஆரின் பாக்கேயின் மார்புப் பட்டை

ஆரின் பாக்கேயைத் தொடைநடுங்கி என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன், அவன் முகத்துக்கு நேராகவே. அவன் என் மனைவி மார்லிஸின் அண்ணன். முப்பத்தொரு வருஷப் பழக்கம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவனுக்குப் பொறுமை கொஞ்சம் அதிகம், அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போயிற்று.

பால் லாரி ஓட்டுகிறவன். மேட்டுப் பண்ணைகளில் பால் எடுத்து, பள்ளத்தாக்கில் இருக்கிற சீஸ் ஆலையில் கொண்டுபோய் இறக்குவான். நவம்பர் பிறந்து சாலையில் லேசாக ஐஸ் படிந்தால் போதும், பாலத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தி, இறங்கி, பூட்ஸ் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டினால், "நீ முன்னாடி போப்பா, நான் அப்புறமா வர்றேன்" என்பான். வேளைகெட்ட வேளையில் டெலிபோன் மணி அடித்தால் எடுக்க மாட்டான். லாரியில் இன்னொரு ஆளை ஏற்றிக்கொள்ளவே மாட்டான். ஒரு முறை மழையில் நனைந்துகொண்டு நின்ற பாதிரியாரையே ஏற்றவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பாதிரியார் இவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதைவிட வேடிக்கை, யாருக்கும் ஓர் ஆணிகூட அடித்துத் தர மாட்டான். எங்கள் வீட்டு வாசற்படி ஒன்று ஆடுகிறது, சரிசெய்துவிட்டுப் போ அண்ணா என்று மார்லிஸ் கேட்டாள். தன் செலவில் தச்சனை அனுப்பி வைத்தான். தச்சன் போன பிறகு தானே வந்து அந்தப் படியில் ஏறி நின்று குதித்துக் குதித்துப் பார்த்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆனால் அவன் வாயிலிருந்து மட்டும் யாரும் கேட்டதில்லை. எனக்கு மார்லிஸ்தான் சொன்னாள், கல்யாணமான புதிதில்.

ஆரினுக்குப் பதினாறு வயது. அண்ணன் கர்ட்டிஸுக்குப் பத்தொன்பது. இரண்டு பேருமாக மான் வேட்டைக்கு ஓர் ஓக் மரத்தின் மேல் பலகைப் பரண் கட்டினார்கள். அடிமரத்திலிருந்து பரண் வரைக்கும் படிகளாகப் பலகைத் துண்டுகளை வைத்து ஆணி அடித்தார்கள். நீள ஆணி தீர்ந்துபோயிற்று. கடைசிப் படியைக் குட்டை ஆணியால் அடித்தது ஆரின். மறுநாள் காலை கர்ட்டிஸ் ஏறினான். கடைசிப் படி கையோடு வந்துவிட்டது. அவன் கீழே விழுந்து கழுத்து முறிந்து அங்கேயே போய்விட்டான். ஓடி வந்த அப்பா மகனைப் பார்த்தார், அவன் கையிலிருந்த பலகையைப் பார்த்தார், அதில் நீட்டிக்கொண்டிருந்த குட்டை ஆணிகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம், நாலு அடி அடித்திருக்கலாம். பாவி மனுஷன் அதைக்கூடச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஆரின் மரத்தில் ஏறவே இல்லை. வில்லை எடுத்துக்கொண்டு தரையிலேயே புதருக்குள் உட்கார்ந்திருப்பான். மான் அவன் வாசனை பிடித்துவிட்டுத் தும்மிக்கொண்டு ஓடும். வருஷா வருஷம் வெறுங்கை. குளிர்காலத்துக்கு அவன் ஃப்ரீஸரில் நாங்கள் கொடுக்கிற இறைச்சிதான் கிடக்கும்.

நான் ஊரில் தீவனக் கடையின் பின்பக்கம் வில் அம்பு விற்கிறவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மரச் சேணம் என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. இடுப்பையும் பின்புறத்தையும் அணைத்துப் பிடிக்கிற அகலமான பட்டை அது. முன்னால், இடுப்பின் இரண்டு பக்கத்தையும் இணைத்து விரல் தடிமனில் ஒரு கயிறு தொங்கும். அதை நாங்கள் முன்கயிறு என்போம். மரத்தைச் சுற்றித் தலை உயரத்தில் கட்டிய இன்னொரு கயிற்றின் கொக்கியை அந்த முன்கயிற்றில் மாட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்தால், மரத்தைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டே உட்காரலாம். ஏறும்போது இடுப்பையும் மரத்தையும் சேர்த்து வளைக்க ஒரு சுற்றுக்கயிறு உண்டு. மேலே போய்க் கொக்கி மாட்டிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். ஆக, தரையிலிருந்து கால் எடுத்த நொடி முதல் ஆள் மரத்தோடு கட்டுண்டுதான் இருப்பான்.

இதை நான் ஒரு வாடிக்கையாளரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆரின் பின்னால் நின்று கேட்டிருக்கிறான்.

"அப்போ ஒரு நிமிஷம்கூடக் கட்டில்லாம இருக்க மாட்டோமா?" என்றான்.

"இருக்க மாட்டே. தூங்கினாக்கூட விழ மாட்டே."

"கயிறை நானே கட்டலாமா? வேற யாரும் தொட வேண்டாமே?"

"நீயே கட்டு, நீயே தொங்கு, எனக்கென்ன?" என்றேன்.

வாங்கிக்கொண்டு போனான். ஒரு கோடைகாலம் முழுக்கத் தன் வீட்டுக் களஞ்சியத் தூணில் இரண்டடி உயரத்தில் தொங்கிப் பழகினான். அந்த இலையுதிர்காலத்தில் முப்பத்தெட்டு வருஷம் தரையைவிட்டு எழும்பாத மனுஷன் மெல்ல மெல்ல இருபதடி ஏறிவிட்டான். அவனுக்கென்று ஒரு முறை வைத்திருந்தான். கொக்கியை மாட்டியதும், "கயிறு. முடிச்சு. கொக்கி" என்று வாய்விட்டுச் சொல்லி ஒவ்வொன்றாகத் தொடுவான். மூன்று தடவை. அப்புறம்தான் சுற்றுக்கயிற்றைக் கழற்றுவான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவன் மட்டும் ஒருபோதும் சிரித்ததில்லை.

போன வருஷம் கண் மங்க ஆரம்பித்தது. ஒரு மாலை முழுக்க மரக்கட்டையை மான் என்று நினைத்து மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான். பைனாகுலர் வாங்கினான். அதைக் கழுத்தில் தொங்கவிட்டால் கொக்கியில் இடித்து டங் டங் என்று சத்தம். மான் நிற்குமா? அதனால் பைனாகுலரை நெஞ்சோடு அணைத்து வைக்கிற மார்புப் பட்டை வேண்டும் என்று என்னிடம் வந்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையிலிருந்த மார்புப் பட்டைகளை எல்லாம் என் கார் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். கொட்டகை உத்தரத்தில் கயிற்றைக் கட்டி ஆரினைத் தொங்கவிட்டேன். ரேடியோவில் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொங்கியபடியே இருக்க, நான் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டுக் கழற்றினேன்.

முதல் பட்டையில் பெரிய பெட்டி. மூடி முன்பக்கமாகத் திறந்து, திரும்பும்போதெல்லாம் கயிற்றில் இடித்தது.

"இது பைனாகுலர் பெட்டியா, ரொட்டிப் பெட்டியா?" என்றான்.

இரண்டாவதில் ஒட்டுப்பட்டை மூடி. திறந்தால் கர்ரென்று ஒரு சத்தம். "இதைத் திறந்தா பக்கத்து மாவட்டத்து மான்கூட ஓடிடும்" என்று நானே தூக்கிப் போட்டேன். மூன்றாவதில் காந்த மூடி. சத்தமே இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லி வாயை மூடவில்லை, மேலே ஆடிய கொக்கியை அந்தக் காந்தம் டக்கென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. மார்லிஸ் காபி கொண்டுவந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் வென்டெல், எங்கண்ணனை உத்தரத்துல தொங்கவிட்டுட்டுப் பொம்மைக்குச் சட்டை போடற மாதிரி போட்டுப் பாக்கறியே!"

"உங்கண்ணன் பொம்மையா இருந்தா எப்பவோ வேலை முடிஞ்சிருக்கும். வாய் இருக்கே, அதுதான் தொல்லை."

நாலாவது தோளிலேயே நிற்கவில்லை. ஐந்தாவது சரியாக அமைந்தது. சின்னப் பெட்டி, பக்கவாட்டில் சுருட்டி விடுகிற துணி மூடி, சத்தமும் இல்லை. ஒரே ஒரு குறை. சாய்ந்தால் மொத்தமும் மேலேறிப் பெட்டி தாடையில் இடித்தது. ஆரின் வேண்டாம் என்றான். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில், இதைச் சரிசெய்யத் தெரியாதா? பட்டையின் கீழ்முனைகளில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளையும் வயிற்றுக்கு நேராக ஒரு கயிற்றால் இணைத்து, சேணத்தின் இடுப்புப் பட்டைக்குள் செருகிவிட்டேன். மேஜை மேல் ஒரு துண்டுக் கயிறு கிடந்தது. ஆகஸ்டில் ஆரினுக்கு முன்கயிறு மாற்றியபோது மிஞ்சியது. இரண்டு பக்கமும் அழகாக முடிச்சுப் போட்டேன். ஆரின் சாய்ந்தான், திரும்பினான், வில்லை இழுப்பதுபோல் இழுத்தான். பெட்டி அசையவே இல்லை.

"அப்பாடா! வென்டெல், உனக்கு மண்டையில கொஞ்சம் ஏதோ இருக்குய்யா" என்றான். அவனிடமிருந்து பாராட்டு வாங்குவது லேசில்லை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். பள்ளி பஸ் ஓட்டுகிற டீனா ஒரு சேணமும் அதே மார்புப் பட்டையும் எடுத்திருந்தாள். நான் வழக்கம்போல் என் கைவேலையைப் பீற்றிக்கொண்டு அவளுக்கும் வயிற்றுக்கு நேராக ஒரு கயிறு கட்டிவிட்டேன். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கடைத் தூணுக்கு முன்னால் நின்றாள். கையுறையோடு கொக்கியைப் பிடித்து வயிற்றருகே தடவினாள்.

"இந்தப் பெட்டி மறைக்குது, கீழ ஒண்ணும் தெரியலயே. இதானே?" என்று கொக்கியை மாட்டினாள்.

மாட்டியது முன்கயிற்றில் இல்லை. நான் கட்டிய கயிற்றில்.

கொட்டகையில் ஐந்து பட்டைகளையும் ஆரின் தொங்கிய பிறகுதான் போட்டுப் பார்த்தோம். பட்டையை முதலில் போட்டுக்கொண்டு, அப்புறம் கொக்கி மாட்டி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மரத்தில் அப்படித்தானே செய்ய வேண்டும்! பெட்டிக்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியாது. கை தடவிக்கொண்டு போனால் முதலில் தட்டுப்படுவது என் கயிறுதான். அதே தடிமன், அதே சொரசொரப்பு, இரண்டு பக்கமும் அதே முடிச்சு. அவன் கயிறு, முடிச்சு, கொக்கி என்று மூன்று தடவை இல்லை, முப்பது தடவை தொட்டாலும் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பைனாகுலரைத் தாங்குகிற இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் ஓர் ஆளைத் தாங்குமா?

ஆரின் மூன்று வாரமாகப் புதுப் பட்டையோடு மரம் ஏறவில்லை, லாரி வேலை விடவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. ஒன்றரை மணிக்கு ஏறுவேன் என்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பது.

டெலிபோன் செய்தேன். அணைத்து வைத்திருந்தான். மரத்தில் எப்போதும் அணைத்துத்தான் வைப்பான். டீனாவிடம், "அதைக் கழட்டு, அதைத் தொடாதே" என்று கத்திவிட்டு ஓடினேன். கடையைப் பூட்டினேனா, கல்லாவை மூடினேனா, ஒன்றும் நினைவில்லை. இருபது நிமிஷப் பாதை. கடவுளே, அவன் இன்னைக்கு ஏறியிருக்கக் கூடாது, லாரி நின்னுபோயிருக்கட்டும், காய்ச்சல் வந்திருக்கட்டும், என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டு போனேன். வயல் ஓரத்தில் அவன் வண்டி நின்றது.

காட்டுக்குள் அரை மைல் நடக்க வேண்டும். ஓடினேன். பாதி வழியில் கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவன் சட்டென்று மூடிக்கொண்டேன். அவன் இன்னும் சாயாமல் நின்றுகொண்டிருந்தால்? என் குரல் கேட்டு யார் என்று திரும்பிச் சாய்ந்தால்? நான் கூப்பிட்டதாலேயே விழுந்தால்? வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. காய்ந்த இலை நொறுங்காமல் காலை எடுத்து எடுத்து வைத்தேன். முப்பது வருஷமாக மானுக்குப் பின்னால்கூட நான் அப்படி நடந்ததில்லை. மரத்தடியில் குவியலாக ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் பயந்து, மேலேயே பார்த்துக்கொண்டு போனேன்.

அவன் மேலேதான் இருந்தான்.

இருபதடி உயரம். தட்டு அகல மிதிபலகையில் நின்றபடி, ஓக் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். கன்னம் மரப்பட்டையில் அழுந்தியிருந்தது. மார்புப் பட்டையின் ஒரு பக்கம் பிய்ந்து, பெட்டி தோள்மேல் ஏறிக் கிடந்தது. கால்கள் நடுங்கிய நடுக்கத்தில் மிதிபலகை கிடுகிடுவென்று சத்தம் போட்டது. சுற்றுக்கயிறு ஒரு பக்கம் கழற்றப்பட்டு இடது இடுப்பிலிருந்து சும்மா தொங்கியது.

"ஆரின்" என்றேன், மெதுவாக.

"கையை எடுக்க முடியலை" என்றான். குரலே அவனுடையதாக இல்லை.

"எடுக்காதே. அப்படியே இரு. நான் வர்றேன்."

"நீ ஏறாதே. உன் முட்டி..."

"வாயை மூடுய்யா."

என் எடை அவனைப்போல் ஒன்றரை மடங்கு. இடது முழங்கால் ஒன்பது வருஷமாகப் படியேறவே அழுகிறது. சேணம் இல்லை, கயிறு இல்லை. மரத்தில் கட்டியிருந்த இரும்புப் படிகளில் ஏற ஆரம்பித்தேன். முதல் நாலு படி வரை கடவுளைக் கூப்பிட்டேன். அதற்கு மேல் அதற்கும் மூச்சு இல்லை. கீழே பார்க்காதே, கீழே பார்க்காதே என்று நினைத்தபடியே பார்த்துவிட்டேன். தலை சுற்றியது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் தொடைநடுங்கி என்று சிரித்துக்கொண்டிருந்த ஆள் எட்டு வருஷமாக இந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் ஏறியிருக்கிறான்.

கடைசிப் படியில் நின்றபோது என் முகம் அவன் முழங்காலுக்கு நேராக இருந்தது.

"வென்டெல். சறுக்குது" என்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். மிச்சமிருந்த ஒரே பிளாஸ்டிக் கொக்கி வழியாகப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. தொங்கிய சுற்றுக்கயிற்றின் முனையைப் பிடித்தேன். அதை மரத்தின் பின்பக்கமாகக் கொண்டுபோய் அவன் வலது இடுப்பில் மாட்ட வேண்டும். ஒரு கையால் நடக்கிற காரியம் இல்லை. படியைப் பிடித்த கையையும் விட்டுவிட்டு, மரத்தை அவனைப்போலவே கட்டிப்பிடித்து, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இடது கையிலிருந்து வலது கைக்குக் கயிற்றைக் கொடுத்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. கயிறு நழுவியது, சுண்டுவிரலில் மாட்டியது, பிடித்துவிட்டேன். மேலே நீட்டி அவன் இடுப்பு வளையத்தில் மாட்டினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"இடுப்புல மாட்டியாச்சு. உக்காரு ஆரின்."

"நிஜமா?"

"என் கண்ணால பாக்கறேன். உக்காரு."

அவன் உட்கார மறுத்தான். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "மார்லிஸ் மேல ஆணை" என்றேன். கையை விரல் விரலாக எடுத்து, மெல்லச் சாய்ந்தான். கயிறு தாங்கியது. அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா இருமலா தெரியவில்லை. பிறகு கீழிருந்து நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, மேல்கொக்கியைக் கழற்றினான். "அது இல்லை. இன்னும் கீழ. இன்னும். ஆங், அதான் முன்கயிறு." அதில் மாட்டினான். இரண்டு கயிறும் இருக்கும்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இறங்கியது எப்படி என்று கேட்காதீர்கள். தரையில் கால் பட்டதும் நான் இலைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் மரத்தில் சாய்ந்து நின்று, மார்புப் பட்டையைக் கழற்றி, வயிற்றுக்கு நேராக நான் கட்டிய கயிற்றைக் கையில் வைத்துப் பார்த்தான். முடிச்சைத் தடவினான். அவனுக்கு மேலேயே புரிந்திருக்கிறது.

"ஆரின், அது நான் செஞ்ச தப்பு. மிஞ்சின கயிறை எடுத்துக் கட்டினேன். போட்டுப் பாக்காம விட்டேன். உன்னை நான்தான் கொல்லப் பாத்தேன்." என்றேன். "எவ்வளவு நேரம் அப்படி நின்னே?"

"முக்கால் மணி இருக்கும். சாஞ்சதும் ஒண்ணு பிச்சுக்கிச்சு. மரத்தைப் பிடிச்சுட்டேன்."

"கத்தியிருக்கலாமே. மேட்டுல யாராவது இருந்திருப்பாங்க."

"கத்தினா மூச்சு போயிடும். அப்புறம் பிடிக்க முடியாது." பட்டையைத் தரையில் போட்டான். "ஒரு கட்டத்துல விட்டுடலாம்னுதான் இருந்துச்சு வென்டெல். கை எரிஞ்சுது பாரு, அப்படி ஒரு எரிச்சல். விட்டா சரியாப்போயிடும்னு தோணுச்சு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதே."

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. அதை என் சட்டையில் துடைத்தான். திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். திட்டட்டும், நாலு அறை வைக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அவன் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது.

"கர்ட்டிஸுக்கு அந்தப் படியை அடிச்சது நான்தான்," என்றான். "விழுறவனுக்கு ரெண்டு செகண்டுய்யா. படி அடிச்சவனுக்கு நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, இன்னும் முடியலை. முடிச்சு போட்டது நீ. நான் விழுந்துட்டா உனக்கும் அதே கதிதானே. அதான் கையை விடலை."